பச்சைமலையும் மாமனார் பிரேக்கும்

சைக்கிள் விஷயத்தில் நான் இதுவரை ஒரே ஒரு தப்புதான் செய்திருக்கிறேன். அதுவும் சாமி கும்பிடும்போது நடந்தது. ஆகவே அதில் பாதியைச் சாமி தலையில் போட வேண்டும் என்பது என் கட்சி. மீதிப் பாதிக்காக என் குடும்பம் இன்றுவரை என்னை வறுத்து எடுக்கிறது.

என்னைப் பற்றி நானே சொல்லக்கூடாதுதான். ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது முக்கியமானதை எல்லாம் விட்டுவிடுகிறார்கள். இன்று திருச்சியில் டூவீலர் ஷோரூம், காட்டூரில் ஒர்க்‌ஷாப் என்று கலியபெருமாள் பெயரில் போர்டு தொங்குகிறது என்றால், அது யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் நாலைந்து பழைய சைக்கிளையும் ஒரு காற்றடிக்கும் பம்பையும் வைத்து வாடகைக் கடை ஆரம்பித்தவன் நான். நான் படித்த காலேஜ் அந்தப் பம்புதான். தெருமுனையில் ஒரு சைக்கிள் திரும்பும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்தில் கம்பி லூசு என்று சொல்லிவிடுவேன். (இப்போதும் சொல்வேன். காதுதான் கொஞ்சம் ஒத்துழைப்பதில்லை.)

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எனக்குக் கல்யாண வயது வந்து, அது தாண்டிப் போய்விடுமோ என்று வீட்டில் கவலைப்படத் தொடங்கியிருந்த நேரம். லால்குடிப் பக்கத்தில் தங்கவேலு என்ற விவசாயியின் மகள் மல்லிகாவின் ஜாதகம் வந்தது. பொருந்தியது. பெண் பார்க்கப் போனோம். மல்லிகா காப்பித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மற்றவர்களுக்கு அது சாதாரணப் பார்வை. எனக்கு அதற்கப்புறம் பஞ்சர் ஒட்டக் கை ஓடவில்லை.

இழுத்துப் பிடித்தது தங்கவேலு ஒருவர்தான். அவர் நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். மாப்பிள்ளையை அப்படிக் கடித்துப் பார்க்க வழியில்லையே என்பது அவருடைய விசாரம். ஒருநாள் தானே சைக்கிளை மிதித்துக்கொண்டு என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நான் ஒரு வண்டியைப் பிரித்து ஓவராயிலிங் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஆரோக்கியசாமி மாஸ்டர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். ஒவ்வொரு பூஜை லீவிலும் எங்களைச் சைக்கிளில் எங்காவது கூட்டிப்போவது அவர் வழக்கம். கல்லணைக்குப் போயிருக்கிறோம். ஜீயபுரம் வழியாகக் காவிரிக் கரையோடு முக்கொம்புக்குப் போயிருக்கிறோம். எல்லாம் தோசைக்கல் மாதிரி சமதரை. மேடு என்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காவிரிப் பாலத்துக்கு ஏறும் ஏற்றம் ஒன்றுதான். அந்த வருஷம் மாஸ்டருக்கு மலை ஆசை வந்துவிட்டது. துறையூர் தாண்டிப் பச்சைமலை. ரோடு உண்டா என்று கேட்டேன். இருக்கு, ஆனா இல்ல என்றார்.

நான் விடுவேனா? பெண்ணின் அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டிகள் என் பொறுப்பு, ஆட்களும் என் பொறுப்பு, முன்னால் நின்று நடத்துவது நான் என்று நெஞ்சைத் தட்டினேன்.

தங்கவேலு ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"அப்ப நானும் வரேன். கூட்டிட்டுப் போற ஆளுங்களை அப்படியே கொண்டாந்து சேக்குறியான்னு பாத்துடறேன். சேத்துட்டா, விஜயதசமி அன்னிக்குக் காலையில வீட்டுக்கு வா தம்பி. தட்டு மாத்திக்கலாம்."

சேர்க்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆக ஆறு பேர் கிளம்பினோம். நான், தங்கவேலு, மாஸ்டர், என் சிநேகிதன் சௌரி, காட்டூரிலிருந்து அண்ணன் தம்பி இருவர். சௌரி உத்திர வீதிக்காரன், தபால் ஆபீசில் கிளார்க்கு. பெருமாளைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன். காட்டூர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் சிரிப்பார்கள். சாவு வீட்டுக்கு அவர்களைக் கூட்டிப்போக முடியாது. தங்கவேலு மட்டும் சொந்த வண்டியில் வந்தார். நெல் மூட்டை ஏற்றியே பழகிய பெரிய கேரியர் வைத்த வண்டி. அதை அவர் தவிர யாரும் தொடுவதில்லை. காற்றுக்கூட அவரேதான் அடிப்பார்.

நான் முன்யோசனைக்காரன். நாங்கள் மலைமேல் இருக்கும் நாளில் ஆயுத பூஜை வரும் என்று காலண்டர் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சைக்கிளால் சோறு தின்கிறவன் அன்றைக்கு வண்டிக்குப் பூஜை போடாமல் இருக்கலாமா? சந்தனம், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம், பொரிகடலை, ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் எல்லாம் கட்டிக்கொண்டேன். திருஷ்டி கழிக்க ஒரு பூசணிக்காய். சின்னதாக எடுத்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கடையில் இருந்ததிலேயே பெரிய காயாக எடுத்துக் கேரியரில் கட்டினேன்.

கொள்ளிடம் பாலம் தாண்டி மண்ணச்சநல்லூர், துறையூர், சோபனபுரம் வரை என் வீரத்துக்குக் குறைவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் போய், மரத்தடியில் நின்று, அவர்கள் வரும்போது இப்போதுதான் தூங்கி எழுந்தது போல் கொட்டாவி விடுவேன்.

அடிவாரத்தில் இரவு தங்கிவிட்டு, காலையில் மலை ஏறத் தொடங்கினோம். ரோடு என்று மாஸ்டர் சொன்னது, ஒரு காலத்தில் ஜீப் போன தடம். கூடைகூடையாகக் கல்லைக் கொட்டிவிட்டு நிரவ மறந்துவிட்டுப் போனது போல் இருந்தது. முதல் திருப்பத்தில் நின்றுகொண்டு மிதித்தேன். இரண்டாவது திருப்பத்தில் இறங்கித் தள்ளினேன். அதற்கப்புறம் நான் சைக்கிளைத் தள்ளினேனா, சைக்கிள் என்னைக் கீழே தள்ளியதா என்று சொல்ல முடியாது. பூசணிக்காய் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோ ஏறியது. காட்டூர்ப் பெரியவன் பின்னாலிருந்து, "கலி, நீ இறங்கிக்க. காயி ஓட்டட்டும்" என்றான். தம்பி சிரித்துச் சிரித்துப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான்.

தங்கவேலு மட்டும் வாயைத் திறக்காமல், மூட்டை வண்டி தள்ளிய பழக்கத்தில் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தார். அவ்வப்போது திரும்பி என்னைப் பார்ப்பார். நான் உடனே பூசணிக்காயின் கயிற்றைச் சரிசெய்வதற்காக நின்றது போல் நடிப்பேன்.

ஆனால் மேலே போனபின் கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்! காவிரிக் கரைப் பச்சை எனக்குத் தெரியும். இது வேறு பச்சை. அடுக்கடுக்காகச் சாமைக் கொல்லை, மரவள்ளிக் கொல்லை, பலா மரங்கள், பள்ளத்தில் ஓடைச் சத்தம், அதற்கு அப்பால் மேகம் வந்து உட்கார்ந்து எழுந்துபோகிற மலைகள். சௌரி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு திசையும் விழுந்து சேவித்தான். இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வரமுடிந்த மனிதனால் வாழ்க்கையில் எதைத்தான் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஷோரூம் யோசனை எனக்கு முதல்முதலில் வந்தது அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருந்தபோதுதான். (இதைப் பேப்பர்காரர் ஒருவரிடம் சொன்னேன். போடவில்லை.)

மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மறுநாள் ஆயுத பூஜை. விடிந்ததும் வண்டிகளை ஓடைக்கு இறக்கிக் கழுவினோம். மாஸ்டர் மட்டும் அருவி தேடிக் குளிக்கப் போய்விட்டார். அவருடைய வண்டியைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோனதால் அது கழுவாமலே நின்றது.

எங்கள் கடை வழக்கம் இது. கழுவின வண்டியை ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஹேண்டில்பார், மட்கார்டு, ரிம் எல்லாம் முகம் தெரியும்படி தேய்ப்போம். ஸ்ரீரங்கத்தில் இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. பூஜை போட்ட வண்டியை அன்றைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள். மறுநாள் எடுத்தாலும் எங்கள் ஊரில் சைக்கிள் நிற்பதற்குப் பிரேக் தேவையில்லை. எதிரே மாடு படுத்திருக்கும், இல்லாவிட்டால் தெரிந்தவர் யாராவது ஹேண்டிலைப் பிடித்து நிறுத்திச் சௌக்கியமா என்பார்.

அந்தக் கால வண்டிக்கெல்லாம் ராடு பிரேக். கைப்பிடியை அமுக்கினால் கம்பி இழுக்கும், ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில் போய் அழுந்தும், வண்டி நிற்கும். அந்த உள்பக்கத்தைத்தான் நான் கூடுதல் பக்தியோடு, விரலை விட்டு விட்டுத் தேய்த்தேன். பளபளப்பு போதவில்லை என்று இரண்டாம் கை வேறு.

நாலு வண்டிகள் முடிந்தன. தங்கவேலுவின் வண்டி தனியாக நின்றது. அதுவரை அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போய், "ஐயா, உங்க வண்டியையும் கொடுத்தீங்கன்னா..." என்று இழுத்தேன்.

"என் வண்டியில யாரையும் கை வைக்க விடறதில்ல தம்பி."

"பூஜைக்குங்க."

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பளபளக்கிற மற்ற நாலையும் பார்த்தார். "சரி. பாத்து" என்றார்.

பாத்து என்று சொன்னவரின் வண்டிக்கு மூன்று கை. பாட்டில் காலியானது. சந்தனப் பொட்டு, குங்குமம், ஹேண்டில்பாரில் செவ்வந்திச் சரம். சூடம் காட்டினேன். பள்ளிக்கூடத்து முகப்பில் நின்ற மலை ஜனங்களுக்குப் பொரிகடலை கொடுத்தேன். தலைச்சுமையோடு போன ஒரு பெண் நின்று பார்த்து, சக்கரத்துக்கு எதற்கு எண்ணெய் என்று கேட்டாள். அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, டெக்னிக்கல் என்றேன். பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கி நான் உடைத்த உடைப்பில் எதிர்மலையிலிருந்து எதிரொலி வந்தது.

தங்கவேலு தன் வண்டியைச் சுற்றி வந்தார். ரிம்மில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். "வாங்கின அன்னிக்குக்கூட இது இப்படி மின்னல மாப்ள" என்றார்.

மாப்ள! கேட்டீர்களா? தம்பி போய் மாப்ள வந்துவிட்டது. மலைமேல் ஏற்கெனவே உயரத்தில் இருந்த நான் இன்னும் கொஞ்சம் உயர்ந்தேன். அந்தச் சந்தோஷத்தில், பெரியவங்க முன்னால போகணும் என்று மரியாதை செய்து அவரை முதலில் அனுப்பினேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. மாஸ்டர் இன்னும் ஈரத் தலையோடு பை கட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே வருகிறேன், போங்கள் என்றார்.

கொஞ்ச தூரம் சமதரை. பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். அப்புறம் இறக்கம் ஆரம்பித்தது.

பிரேக்கைப் பிடித்தேன். கை நிறையப் பிடித்தேன். பிரேக் என்று ஒன்று அந்த வண்டியில் இருப்பதாகவே தெரியவில்லை. வெண்ணெய்க் கட்டியைக் கயிறு போட்டுக் கட்ட முயன்றது போல் இருந்தது. முன்னால் தங்கவேலுவின் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அவர் எதையோ சொல்லிக்கொண்டு போனார். காற்றில் காதில் விழவில்லை. விழாதது நல்லது.

காட்டூர் அண்ணனும் தம்பியும் யோசிக்காமல் வண்டியை விட்டுவிட்டுப் புதரில் குதித்தார்கள். புதருக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. சௌரி என்னைத் தாண்டிப் போனான். இரண்டு கையையும் பிரேக்கிலிருந்து எடுத்துக் கூப்பியிருந்தான். "ரங்கா, நீயே கதி" என்று அவன் போன போக்கில், கண்ணை மூடியிருந்தவனை ஒரு மண்மேடு தானாக வந்து அணைத்துக்கொண்டது. ஒரு கீறல் இல்லை. (அவன் இன்றும் இதைச் சொல்லி என்னைக் கோயிலுக்கு இழுப்பான்.)

நான் காலை ஊன்றினேன். செருப்பு போனது. மறு காலை ஊன்றினேன். மறு செருப்பும் போனது. நான் முன்னின்று நடத்தும் கூட்டத்தில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் நானும் என் வருங்கால மாமனாரும்தான். திருப்பத்தில் அவர் திரும்பவில்லை. நேராகப் போனார். ரோட்டுக்குக் கீழே ஒரு கொல்லையில் சாமைத் தாளை வைக்கோல் போல் போர் போட்டிருந்தார்கள். வண்டி வரப்பில் மோதி நின்றுகொண்டது. அவர் நிற்காமல் போய்ப் போரில் இடுப்புவரை செருகிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே போன நான் உண்ணிப்புதரில் போய் முடிந்தேன். பூ அழகாக இருந்தது. முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

பிய்த்துக்கொண்டு இறங்கி ஓடினேன். தங்கவேலு போரிலிருந்து தன்னைத் தானே உருவிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியெல்லாம் தாள். வலது கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தன் வண்டியின் ரிம்முக்குள் விரலை விட்டு வழித்து, மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

"இது என்ன எண்ணெய்?"

"சுத்தமான தேங்காண்ணெய்ங்க."

"ம்." இன்னொரு தரம் மோந்தார். "நல்ல எண்ணெய்தான்."

மாப்ள இல்லை. தம்பிகூட இல்லை. என் கல்யாணம் அந்த இறக்கத்தில் எங்களைவிட வேகமாக உருண்டு போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

மற்றவர்கள் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கடைசியில் மணி அடித்துக்கொண்டு மாஸ்டர் வந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் அழகாகப் பிரேக் பிடித்து, சவாரி போவது போல் வந்தார். அவர் ஹேண்டில்பாரில் என் செருப்பு இரண்டும், சௌரியின் மேல்துண்டும், டிபன் கேரியர் மூடியும் தொங்கின. "வழியெல்லாம் கிடந்துச்சு. நம்ம ஆளுங்களோடதா?" என்று கேட்டார்.

எண்ணெயை எடுக்கப் பார்த்தோம். மண் போட்டுத் தேய்த்தோம், களிம்பாயிற்று. இலை போட்டுத் தேய்த்தோம், பச்சைக் களிம்பாயிற்று. கட்டைகள் எண்ணெய் குடித்து ஊறிக் கிடந்தன. நடக்கிறவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கிவிடலாம். தங்கவேலுவால் காலை ஊன்ற முடியவில்லை. மாஸ்டர் தன் வண்டியில் உட்காரச் சொன்னார். அதில் கேரியரே கிடையாது. முன் பாரில் உட்கார அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் என்ன பால்வாடிக் கொளந்தையா சார்?" மறுநாள் காலை விஜயதசமி. அவர் வீட்டில் தட்டு எல்லாம் வாங்கி வைத்திருப்பார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இலையும் தழையுமாக ஒரு பெரிய கிளையை வெட்டி, அவருடைய வண்டியின் கேரியருக்குப் பின்னால் கட்டிவிடுவது. தரையில் இழுபட்டு அது வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த யோசனை என்னுடையது. என் மாமனார், உயிரோடு இருந்தவரை, தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயலைச் சமன்செய்யப் பரம்புப் பலகை இழுத்து ஓட்டுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பது அவர் வாதம். அவர் இப்போது இல்லை என்பதற்காக நான் விட்டுக்கொடுக்க முடியாது. என்னுடையதுதான்.

கொல்லைக்காரரிடம் அரிவாள் வாங்கி ஒரு புங்கங்கிளையை வெட்டினோம். பூசணிக்காய் கட்டிய கயிறு உதவியது. (பூசணிக்காய் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.) தங்கவேலுவை அவர் வண்டிக் கேரியரிலேயே உட்கார வைத்தோம். ஆனால் பின்பக்கம் பார்த்து. பரம்புமேல் ஏறி நிற்பது போல, நல்ல காலைக் கிளைமேல் ஊன்றி அமுக்கினால்தான் அது தரையைப் பிடித்தது. காலைத் தளர்த்தினால் வண்டி பாய்ந்தது. ஆக, ஹேண்டில்பார் என் கையில். பிரேக் என் வருங்கால மாமனாரின் இடது கால்.

இருவரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இறங்கினோம். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. இரண்டு திருப்பம் கடந்தோம். மூன்றாவதில் தொண்டையைக் கனைத்தார்.

"குடிப்பியா?"

"இல்லீங்க."

"பொய் சொன்னா காலை எடுத்துருவேன்."

"பொங்கலுக்கு ஒரு தடவை, சிநேகிதங்க கட்டாயப்படுத்தி... ஒரு வாய்ங்க. வாந்தி எடுத்துட்டேன்."

"பீடி, சிகரெட்?"

"சத்தியமா இல்லீங்க. சைக்கிள் டயர் புகையே ஒத்துக்காது."

கிளை சரசரவென்று இழுபட்டது. பின்னால் என் வண்டியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்த நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு வருவது எனக்கு முதுகில் தெரிந்தது.

"ஜாதகம் கொண்டாந்தவரு எட்டாவது பாஸுன்னாரே."

இதற்கு நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்த நேரத்துக்கு வண்டி வேகம் எடுத்தது. எதிரே திருப்பம், அதற்கு அப்பால் ஆகாயம்.

"அஞ்சுங்க!" என்று கத்தினேன்.

கால் அழுந்தியது. வண்டி தணிந்தது.

"அஞ்சு முழுசாவா?"

"பரீட்சை எழுதலீங்க. அப்பாவுக்கு உடம்பு முடியாம, பம்பு அடிக்கப் போயிட்டேன்."

வெகுநேரம் கிளைச் சத்தம்தான் கேட்டது. பின்பு வேறு குரலில், "எம் பொண்ணு பத்தாவது. தெரியும்ல?" என்றார்.

"தெரியுங்க."

"அவ படிச்சவன்னு அடக்கி வைக்கப் பாப்பியா, பயந்து நடப்பியா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் காலை எடுப்பார் போல் இருந்தது. "எனக்குக் கணக்கு எழுதத் தெரியாதுங்க. கடை பெருசாச்சுன்னா அவங்கதான் பாத்துக்கணும்" என்றேன். மனசிலிருந்து வந்த பதில். ஷோரூம் யோசனையையும் சொன்னேன். பாறையையும் மேகத்தையும்கூடச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் அவர் சிரித்தாரா, இருமினாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதற்கப்புறம் அடிவாரம் வரை அந்தக் கால் ஒரு தடவைகூட நழுவவில்லை.

சோபனபுரத்தில் நாங்கள் வந்து இறங்கிய கோலத்தைப் பார்க்க ஊரே டீக்கடைக்கு வந்துவிட்டது. துறையூரில் ஒரு டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று கட்டுப் போட்டார். எப்படி ஆச்சு என்று கேட்டார். "சாமி கும்பிட்டோம்" என்றார் தங்கவேலு. சைக்கிள்களை பஸ் கூரைமேல் ஏற்றி, ஊர் வந்து சேர்ந்தோம்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விஜயதசமி காலை, முகமெல்லாம் உண்ணிமுள் கீறலோடு, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு லால்குடிக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். வரச் சொன்னவர் வராதே என்று சொல்லவில்லையே என்று நான்தான் கிளம்பினேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய பெரிய வீரம் அதுதான். மலை எல்லாம் அப்புறம்.

தங்கவேலு கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். மல்லிகாவின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் தேங்காயெண்ணெய் கொதித்தது. ஆளைச் சாகடிக்கப் பார்த்தவனுக்கா பெண் என்று அவர் ஆரம்பித்தார். மாமாக்கள் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். தங்கவேலு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"தள்ளிவிட்டவனும் இவன்தான். கொண்டாந்து சேத்தவனும் இவன்தான். கூட்டிட்டுப் போனதுல ஒரு ஆளு குறையல. நான் கடிச்சுப் பாத்துட்டேன், பதரு இல்ல. ஆனா இவனுக்கு நிறுத்தத் தெரியாது. அதான் யோசிக்கிறேன்." உள்பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

மல்லிகா கதவோரமாக நின்றிருந்தாள். முதல் நாள் சாயங்காலமே கதை முழுவதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்தாள். என் மூக்குமேல் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"பிரேக்கை நான் பாத்துக்கறேம்ப்பா."

"அப்புறம் என்ன? தட்டை எடுங்க" என்றார் அவர். "மாப்ள, உக்காருங்க. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

மாப்ள வந்தது மட்டும் இல்லை, மரியாதையும் சேர்ந்து வந்தது.

மல்லிகா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். கடை ஷோரூம் ஆனது அவள் கணக்குப் பார்த்ததால். நான் நடுவில் லாரி வாங்கப் போனேன், சினிமாக் கொட்டகை எடுக்கப் போனேன். ஒவ்வொரு தடவையும் அவள் இடது காலைத் தரையில் ஒரு அழுத்து அழுத்துவாள். நான் நின்றுவிடுவேன்.

எங்கள் கல்யாணத்தன்று ஊர்வலக் கார் கிளம்பும் சமயத்தில், காட்டூர் அண்ணன் தம்பி இருவரும் ஒரு புங்கங்கிளையைக் கொண்டுவந்து காருக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள். மாஸ்டரும் கூட்டு. தெரு முழுக்கக் குப்பையைப் பெருக்கிக்கொண்டே போனோம். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யார் கல்யாணம் நடந்தாலும் காருக்குப் பின்னால் கிளை கட்டாமல் விடுவதில்லை. காரணம் கேட்கிறவர்களுக்கு என் பிள்ளைகள் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எண்ணெய் பாட்டிலின் அளவு பெரிதாகிறது. போன கல்யாணத்தில் அது டின் ஆகிவிட்டது.

சமீபத்தில் பேத்திக்குக் கல்யாணம். மண்டபம் திருவானைக்காவல் பக்கம். சம்பந்தி வீட்டார் சாஸ்திர சம்பிரதாயத்தில் கெட்டி. கிளை கட்டுவது எங்கள் குலவழக்கம் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கதையைச் சொல்லவில்லை. என்ன மரம், எந்தத் திசைக் கிளை என்று அவர்கள் போனில் கேட்டபோது பேரப்பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு புங்கம், கிழக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

கார் கிளம்பும் நேரம். சம்பந்தியம்மா ஒரு தாம்பாளத்தில் கிளையை ஏந்திக்கொண்டு பயபக்தியோடு வந்தார். மஞ்சள் கட்டி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருந்தது. இலை ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மின்னியது.

"உங்க வழக்கத்துல எதுவும் குறை வந்துடக்கூடாதுன்னு பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கோம்" என்று மல்லிகாவிடம் நீட்டினார். "இலையெல்லாம் பளபளன்னு இருக்கணும்னு சுத்தமான தேங்காண்ணெய் தடவியிருக்கோம்."

மல்லிகா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மண்டபத்துக்கு வெளியே போய், கார் டிரைவரிடம் பிரேக் எல்லாம் சரியாகப் பிடிக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன்.